சந்திராவைவிடக் கூர்மை குறைந்த ஆக்ஸிஸ் எதற்கு?

கேள்வி இது: "1999இல் ஏவிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அரை ஆர்க்செகண்ட் கூர்மையில் படம் எடுக்கிறது. இப்போது நாசாவிடம் முன்மொழியப்பட்டிருக்கும் ஆக்ஸிஸின் கூர்மை ஒன்றரை ஆர்க்செகண்ட்தானாம். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, நூறு கோடி டாலரும் செலவழித்து, மூன்று மடங்கு மங்கலான ஒன்றை எதற்குச் செய்ய வேண்டும்?"

எண்கள் சரிதான். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. சந்திராவின் அரை ஆர்க்செகண்ட் படத்தின் நட்டநடுவில் கிடைப்பது. நடுவிலிருந்து விலக விலக அது வேகமாக மங்கிவிடும். ஆக்ஸிஸின் ஒன்றரை, 24 ஆர்க்நிமிட விட்டமுள்ள மொத்தப் பார்வைப் புலத்துக்குமான சராசரி. அதோடு ஆக்ஸிஸ் சேகரிக்கப்போகும் ஒளி சந்திராவைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. எக்ஸ் கதிர் வானியலில் கூர்மையையும் ஒளியையும் பிரித்துப் பேசினால் எதுவும் விளங்காது. இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்து கிடைப்பது ஏன் இத்தனை அரிது என்பதைப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். அதற்குக் கண்ணாடியிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவுகளை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாகையை 3600 ஆகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட். அறுபது ஆர்க்செகண்ட் சேர்ந்தால் ஓர் ஆர்க்நிமிடம். முழுநிலவின் விட்டம் சுமார் 30 ஆர்க்நிமிடம். ஆக, ஆக்ஸிஸ் ஒரே பார்வையில் முழுநிலவைவிடக் கொஞ்சம் சிறிய வானத்துண்டைப் பிடிக்கும்.

சரி, கண்ணாடி. சாதாரணத் தொலைநோக்கியின் கண்ணாடி ஒளியை நேருக்கு நேர் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. எக்ஸ் கதிரிடம் இது நடக்காது. நேராக வந்து விழும் எக்ஸ் கதிர் கண்ணாடிக்குள் புகுந்து உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் உலோகப் பூச்சுள்ள வழுவழுப்பான பரப்பில் மிகச் சாய்வாக, உரசிக்கொண்டு போகிறமாதிரி வந்தால் பிரதிபலிக்கும். எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை உலோகத்தின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிடத் துளி குறைவு. அதனால் வெற்றிடத்திலிருந்து உலோகத்தை நோக்கி வரும்போதே முழுப் பிரதிபலிப்பு நிகழ்ந்துவிடுகிறது. உரசும் கோணம் சுமார் ஒரு பாகைக்குள் இருக்க வேண்டும். கதிரின் ஆற்றல் கூடக்கூட அந்தக் கோணமும் சுருங்கும்.

1952இல் ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் எக்ஸ் கதிர் நுண்ணோக்கிக்காக ஓர் அமைப்பை வகுத்தார். பரவளைய வடிவில் ஒரு குழாய், அதை ஒட்டி அதிபரவளைய வடிவில் இன்னொன்று. முதலாவதன் உட்சுவரில் ஒருமுறை, இரண்டாவதன் உட்சுவரில் ஒருமுறை உரசிவிட்டுக் கதிர் குவியத்துக்குப் போகும். இதே வழியில் வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கி செய்யலாம் என்று ரிக்கார்டோ ஜியாக்கோனியும் புருனோ ரோஸியும் 1960இல் எழுதினார்கள். அப்போது சூரியனைத் தவிர வானில் வேறெந்த எக்ஸ் கதிர் மூலமும் தெரியாது! 1962 ஜூனில்தான் ஜியாக்கோனி குழுவின் ராக்கெட் சில நிமிடங்கள் வளிமண்டலத்துக்கு மேலே போய், விருச்சிகத்தில் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்ற முதல் மூலத்தைக் கண்டது. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே தொலைநோக்கியின் வரைபடம் தயாராக இருந்தது. ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் கிடைத்தது.

வரைபடம் எளிது, செய்வதுதான் பாடு. ஒரு பாகைச் சாய்வில் வரும் ஒளிக்கு, ஒரு சதுர மீட்டர் கண்ணாடியும் முன்னாலிருந்து பார்க்கையில் 175 சதுர சென்டிமீட்டர் மெல்லிய வளையமாகத்தான் தெரியும். இரண்டாவது உரசலுக்காக அதே அளவில் இன்னொரு கண்ணாடியையும் மெருகேற்ற வேண்டும். இத்தனை உழைப்புக்குக் கிடைப்பது உள்ளங்கை அளவு ஒளிவாசல். அதனால் பெரிய குழாய்க்குள் சிறிய குழாய், அதற்குள் இன்னும் சிறியது என்று அடுக்குகிறார்கள். இங்கேதான் சிக்கல். குழாயின் சுவர் தடியாக இருந்தால் வடிவம் அசையாமல் நிற்கும், படம் கூர்மையாக வரும், ஆனால் அந்தத் தடிமன் அடைத்துக்கொள்ளும் இடத்தில் விழும் ஒளியெல்லாம் வீண். சுவரை மெல்லிசாக்கினால் நிறையக் குழாய்களை அடுக்கலாம், ஒளி கொட்டும், ஆனால் மெல்லிய சுவர் நெளியும், படம் மங்கும்.

1999இல் இந்தச் சிக்கலுக்கு எதிரெதிரான இரண்டு விடைகள் விண்ணுக்குப் போயின. ஜூலையில் கொலம்பியா விண்ணோடம் கொண்டுபோய் விட்ட சந்திரா முதலாவது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் குழாய்கள், நான்கே நான்கு ஜோடி. வெளியே இருப்பதன் விட்டம் 1.2 மீட்டர். உட்பரப்பு சில அணுக்களின் உயரத்துக்கு மேல் மேடுபள்ளம் இல்லாமல் மெருகேற்றப்பட்டு இரிடியம் பூசப்பட்டது. எடை ஏறத்தாழ ஒரு டன். முதலில் ஆறு ஜோடி என்றுதான் திட்டம். 1992இல் செலவைக் குறைக்க இரண்டைக் கழற்றினார்கள். கூர்மையில் கைவைக்கவில்லை, ஒளியில் கைவைத்தார்கள். அந்த முடிவின் பலனை இன்றுவரை அனுபவிக்கிறோம், விலையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

டிசம்பரில் ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் போனது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நிக்கல் குழாய்கள், ஒரு கண்ணாடித் தொகுதிக்கு 58, அப்படி மூன்று தொகுதிகள். ஒளி சேகரிப்பதில் சந்திராவைப் பலமடங்கு மிஞ்சியது. கூர்மை சுமார் 15 ஆர்க்செகண்ட்.

அதற்குப் பின் வந்தவற்றில், சூரியனை மட்டும் பார்க்கும் கருவிகளை விட்டுவிட்டால், சந்திராவின் கூர்மைக்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை. 2019இல் போன ஈரோசிட்டாவின் கூர்மையும் 15 ஆர்க்செகண்டுக்கு மேலேதான். 2023இல் ஜப்பான் ஏவிய கிரிஸம் ஓர் ஆர்க்நிமிடத்துக்கும் மேல். அவை வேறு வேலைகளுக்காகச் செய்யப்பட்டவை, குறை சொல்லவில்லை. ஆனால் ஹப்பிளுக்குப் பின் ஜேம்ஸ் வெப் வந்ததுபோல எக்ஸ் கதிரில் எதுவும் வரவில்லை.

இத்தனைக்கும் இயற்கை இங்கே தடை போடவில்லை. ஒளியின் விளிம்புவளைவு விதிக்கும் வரம்பைக் கணக்கிட்டால், ஒரு மீட்டர் சொச்சம் விட்டமுள்ள எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஓர் ஆர்க்செகண்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே பார்க்கலாம். அலைநீளம் அவ்வளவு சிறியது. ஹப்பிள் தன் வரம்பைக் கிட்டத்தட்டத் தொட்டு நிற்கிறது. சந்திராவோ தன் வரம்பிலிருந்து ஆயிரம் மடங்குக்கு மேல் தள்ளி நிற்கிறது. தடுப்பது நம் கைவேலையின் எல்லை மட்டுமே.

ஆக்ஸிஸின் நம்பிக்கை சிலிக்கானில் இருக்கிறது. நாசாவின் கோடார்ட் மையத்தில் வில்லியம் ஜாங் என்பவரின் குழு பல ஆண்டுகளாக இதில் உழைக்கிறது. கண்ணாடியையோ உலோகத்தையோ மெல்லிசாக அறுத்தால் உள்ளே அடங்கிக் கிடந்த இறுக்கம் விடுபட்டுத் தகடு கோணிக்கொள்ளும். ஒற்றைப் படிகமாக வளர்த்த சிலிக்கானில் அந்த உள் இறுக்கம் கிட்டத்தட்டக் கிடையாது. அதனால் தடித்த கட்டியில் வளைவைச் செதுக்கி, மேலிருந்து மெல்லிய தகடாக அறுத்தெடுக்கலாம். அறுக்கும்போது சேதமான மேல்தோலை அமிலத்தில் கரைத்துவிட்டு மெருகேற்றினால் வடிவம் அப்படியே நிற்கிறது. கடைசியாக மிஞ்சும் மேடுபள்ளத்தை அயனிக்கற்றையால் சுரண்டிச் சரிசெய்வார்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே, நீளம் சுமார் பத்து சென்டிமீட்டர். குறைக்கடத்தித் தொழிலின் புண்ணியத்தில் நல்ல சிலிக்கான் கட்டிகளுக்குப் பஞ்சமில்லை. முழுக் குழாயாக வார்க்காமல் இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சிறு தகடுகளைச் செய்து வளையமாக அடுக்குவதுதான் உத்தி.

தகட்டைச் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதை. பத்து சென்டிமீட்டர் தகட்டின் ஒரு முனை அரை மைக்ரான் தூக்கினாலே சாய்வு ஓர் ஆர்க்செகண்ட் ஆகிவிடும். பிரதிபலிப்பில் அது இரட்டிப்பாகும், படம் இரண்டு ஆர்க்செகண்ட் விலகி விழும். பொருத்தும் பசை காயும்போது சுருங்கினாலும் போச்சு. பூமியில் அடுக்கும்போது புவியீர்ப்பு தகட்டை ஒருமாதிரி வளைக்கும், விண்ணில் எடை போனதும் அது வேறுமாதிரி நிமிரும். இரிடியம் பூச்சே தகட்டை இழுத்து வளைக்கக்கூடியது, அதற்கு முன்கூட்டியே ஈடுசெய்ய வேண்டும். சந்திராவில் நான்கு ஜோடிக் குழாய்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தினார்கள். இங்கே எல்லாத் தகடுகளும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். என் மதிப்பீட்டில் இந்தத் திட்டத்தின் உண்மையான ஆபத்து இந்த அடுக்கும் வேலைதான். தனித் தகட்டின் தரம் ஏற்கெனவே நன்றாக வந்துவிட்டது.

குட்டையான தகடு என்பதில் இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. வோல்ட்டர் அமைப்பில் அச்சிலிருந்து விலகி வரும் கதிர்கள் சரியாகக் குவிவதில்லை. குழாய் நீளமாக இருக்க இருக்க இந்தக் கோளாறு கூடும். சந்திராவின் ஒவ்வொரு குழாயும் முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். அதனால் நடுவில் அரை ஆர்க்செகண்டாக இருக்கும் விண்மீன், பத்து ஆர்க்நிமிடம் தள்ளிப் போனால் பல ஆர்க்செகண்ட் அகலமுள்ள திட்டாக விரிந்துவிடும். பத்து சென்டிமீட்டர் தகடுகளில் இந்தச் சேதம் மிகக் குறைவு. ஆக்ஸிஸின் ஒன்றரை ஆர்க்செகண்ட் மொத்தப் புலத்துக்கும் செல்லுபடியாவது இதனால்தான். நடு அச்சில் அதைவிடச் சற்றுக் கூர்மையாகவே இருக்கும் என்பது வடிவமைப்புக் கணக்கு.

இதனால் நடைமுறையில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். சந்திராவின் மிக ஆழமான படம், தென்வானில் எடுத்த சந்திரா ஆழ்புலம். ஒரே இடத்தை மொத்தம் 70 லட்சம் நொடிகள் பார்த்தார்கள், அதாவது 81 நாள். முழுநிலவின் மூன்றில் இரண்டு பங்குப் பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் மூலங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை தொலைதூர கேலக்ஸிகளின் நடுவில் தீனி தின்றுகொண்டிருக்கும் கருந்துளைகள். ஆனால் அந்த ஆழம் உண்மையில் படத்தின் நடுப்பகுதிக்கு மட்டும்தான் கிடைத்தது. ஓரத்துக்குப் போகப்போக மங்கலான மூலங்கள் பின்னணியில் கரைந்துபோயின. பத்து மடங்கு ஒளியும் ஓரம்வரை மங்காத கூர்மையும் சேர்ந்தால், அப்படிப்பட்ட ஆழத்தை 81 நாளுக்குப் பதில் சில நாட்களில் எட்டலாம். அதை ஒரு புள்ளியில் இல்லாமல் வானத்தின் அகலமான துண்டில் எட்டலாம்.

மங்கலான மூலம் ஏன் பின்னணியில் கரைகிறது? எக்ஸ் கதிர் வானியலில் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். கேமராவின் ஒளியுணர் சில்லான சிசிடியில் ஒவ்வொரு ஃபோட்டானும் எங்கே, எப்போது, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று தனித்தனியே பதிவாகும். தொலைதூரக் கருந்துளை ஒன்றிலிருந்து நாள்கணக்கில் காத்திருந்தால் பத்தோ இருபதோ வரலாம். அந்தப் பத்தும் அரை ஆர்க்செகண்ட் வட்டத்துக்குள் விழுந்தால் சந்தேகமில்லாமல் அது மூலம்தான். அதே பத்து, 15 ஆர்க்செகண்ட் வட்டத்துக்குள் சிதறினால் அந்த வட்டத்தின் பரப்பு 900 மடங்கு. அதில் விழும் பின்னணி ஃபோட்டான்களும் 900 மடங்கு. பத்து அதில் காணாமல் போய்விடும். எனவே கூர்மை என்பது அழகான படத்துக்கான வசதி மட்டும் இல்லை, மங்கலானதைக் கண்டுபிடிக்கும் திறனே அதில்தான் இருக்கிறது. ஒன்றரை ஆர்க்செகண்டில் அந்தத் திறன் பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. கடைசியில் சொல்லப்போகும் ஐரோப்பியத் திட்டத்தின் ஒன்பது ஆர்க்செகண்டில் காப்பாற்றப்படுவதில்லை.

ஜேம்ஸ் வெப் வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. 2023இல் சந்திராவும் வெப்பும் சேர்ந்து யுஹெச்இசட்1 என்ற கேலக்ஸியைப் பிடித்தன. பெருவெடிப்புக்கு 47 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த நிலையில் அதைப் பார்க்கிறோம். அதன் நடுவில் எக்ஸ் கதிர் உமிழும் கருந்துளை, நிறை ஒரு கோடி முதல் பத்து கோடி சூரியன்கள். பக்கத்து கேலக்ஸிகளில் நடுக் கருந்துளையின் நிறை விண்மீன்களின் மொத்த நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. இங்கே இரண்டும் கிட்டத்தட்டச் சமம்! சாதாரண விண்மீன் இறந்து உண்டான சிறு கருந்துளை இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை பெரிதாக வளர்வது கடினம். பெரிய வாயுமேகம் விண்மீனாகாமலே நேரடியாகச் சரிந்து, பிறக்கும்போதே பல்லாயிரம் சூரிய நிறையோடு உருவாகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பிரியம்வதா நடராஜன் உள்ளிட்டோர் இத்தகைய கேலக்ஸிகள் எப்படித் தோன்றும் என்று முன்பே கணித்து வைத்திருந்தார்கள், யுஹெச்இசட்1 அந்தக் கணிப்போடு பொருந்தியது.

ஆனால் கவனியுங்கள். ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்து நடுவில் நின்று ஈர்ப்புவில்லையாக அதன் ஒளியை நான்கு மடங்கு பெருக்கிக் கொடுத்தது. அப்படியும் சந்திரா இரண்டு வாரம் பார்க்க வேண்டியிருந்தது, கிடைத்தவை எண்ணிவிடக்கூடிய ஃபோட்டான்கள். ஒற்றை உதாரணத்தை வைத்துக்கொண்டு முதல் கருந்துளைகள் சிறு விதையிலிருந்து வந்தனவா, பெரு விதையிலிருந்தா என்று முடிவு கட்ட முடியாது. நூற்றுக்கணக்கில் வேண்டும். வெப் குவித்துக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகள் என்ற புதிரும் இருக்கிறது. வளரும் கருந்துளைகள் என்று பலர் நினைக்கும் அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ் கதிரில் தென்படவே இல்லை. அடர்ந்த வாயு மறைக்கிறதா, கருந்துளை நினைத்ததைவிடச் சிறியதா, அல்லது வேறேதோவா? சந்திராவின் பழைய தரவை எத்தனை முறை புரட்டினாலும் ஓரளவுக்கு மேல் பதில் வராது.

மோதி இணையும் கேலக்ஸிகளின் இரட்டைக் கருந்துளைகள் இன்னொரு பெரிய வேலை. என்ஜிசி 6240இல் ஒன்றரை ஆர்க்செகண்ட் சொச்சம் இடைவெளியில் இரண்டு கருந்துளைகள் விழித்திருப்பதை 2002இல் சந்திரா காட்டியது. தூசி மறைத்தாலும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர் ஊடுருவி வரும் என்பதால் இதில் எக்ஸ் கதிரை நம்பலாம். இத்தகைய ஜோடிகள் எத்தனை, எந்த இடைவெளியில் என்று கணக்கெடுத்தால், 2030களின் நடுவில் ஏவத் திட்டமிட்டிருக்கும் லிசா ஈர்ப்பலைக் கருவி எத்தனை மோதல்களைக் கேட்கும் என்பதற்கு அடிப்படை கிடைக்கும்.

அப்புறம் வேகம். 2017இல் ஜிடபிள்யூ 170817 என்ற நியூட்ரான் விண்மீன் மோதலில் ஈர்ப்பலை வந்து ஒன்பது நாள் கழித்துச் சந்திராதான் எக்ஸ் கதிரைக் கண்டது. அந்த இடம் என்ஜிசி 4993 கேலக்ஸியின் நடுவிலிருந்து பத்து ஆர்க்செகண்ட் தூரம்தான். மங்கலான தொலைநோக்கியில் நடுவின் ஒளியும் மோதலின் ஒளியும் ஒன்றாகக் குழம்பியிருக்கும். ஆனால் சந்திரா சட்டென்று திரும்பும் கருவி இல்லை. பூமியைச் சுற்ற 64 மணி நேரம் எடுக்கும் நீண்ட பாதையில் இருக்கிறது. ஆக்ஸிஸைத் தாழ்ந்த பாதையில் நிறுத்தி, செய்தி வந்த சில மணி நேரத்தில் இலக்கைப் பார்க்கும்படி வடிவமைக்கிறார்கள். 2004இலிருந்து இயங்கும் ஸ்விஃப்ட் இப்படித்தான் வேகமாகத் திரும்புகிறது, ஆனால் அதன் கூர்மை 18 ஆர்க்செகண்ட்.

தாழ்ந்த பாதைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து பார்வையை மறைக்கும். சந்திராவால் ஓர் இலக்கை ஒரு நாளுக்கு மேல் கண்ணிமைக்காமல் பார்க்க முடிகிறது, இதனால் முடியாது. பதிலுக்குக் கிடைப்பது பூமியின் காந்தப்புலம் தரும் பாதுகாப்பு, குறைந்த பின்னணி. சந்திரா ஏவப்பட்ட சில வாரங்களிலேயே கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கும்போது, கண்ணாடிகளில் பட்டுச் சிதறிய புரோட்டான்கள் அதன் சிசிடிகளில் சிலவற்றைக் கெடுத்துவிட்டன. எக்ஸ் கதிரைக் குவிக்கும் குழாய் புரோட்டானையும் உள்ளே அனுப்பும் என்பதை யாரும் போதிய அளவு எதிர்பார்க்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பகுதியைக் கடக்கையில் கேமராவை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

சிசிடியைப் பற்றி இன்னொன்று. சந்திராவில் ஒரு படச்சட்டத்துக்கு 3.2 நொடி. அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்துவிட்டால் கருவி அதை அதிக ஆற்றலுள்ள ஒரே ஃபோட்டான் என்று தப்பாக எண்ணும். பத்து மடங்கு ஒளி வரும் தொலைநோக்கியில் இந்தத் தொல்லையும் பத்து மடங்காகும். அதனால் ஆக்ஸிஸுக்கு நொடிக்குப் பல படச்சட்டங்களைப் படிக்கும் புது சிசிடிகளை உருவாக்குகிறார்கள்.

இதெல்லாம் சரி, ஆக்ஸிஸ் சந்திராவின் இடத்தை முழுக்க நிரப்புமா? நிரப்பாது. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கும் இடம் இதுதான். எம்87 கேலக்ஸியின் நடுக் கருந்துளையிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரையில் ஹெச்எஸ்டி-1 என்று ஒரு முடிச்சு உண்டு. கருந்துளையிலிருந்து ஓர் ஆர்க்செகண்டுக்கும் குறைவான தூரம். 2005 வாக்கில் அது கருந்துளையையே மிஞ்சும்படி பிரகாசித்ததைச் சந்திரா பிரித்துப் பார்த்தது. ஆக்ஸிஸில் இரண்டும் ஒரே திட்டாகத்தான் விழும். நம் கேலக்ஸியின் நடுக் கருந்துளைக்கு 2.4 ஆர்க்செகண்ட் பக்கத்தில் 2013இல் முளைத்த மேக்னட்டாரை (கடும் காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன்) ஆக்ஸிஸ் பிரித்துவிடும், ஆனால் சிரமப்பட்டு. விண்மீன்களின் கோளக் கொத்துகளின் நெரிசலான மையத்திலும் சந்திராவின் கைதான் மேல். ஆற்றலை நுணுக்கமாகப் பிரித்து வாயுவின் வேகத்தை அளப்பதும் இதன் வேலை இல்லை.

அந்த வேலைக்குரிய நுண்கலோரிமானியின் கதை தனிச் சோகம். சந்திராவோடு இரட்டையாகப் போக வேண்டிய கருவி செலவுக் குறைப்பில் 1993இல் ரத்தானது. ஜப்பானின் விண்கலத்தில் ஏற்றினார்கள், 2000இல் ராக்கெட் தோற்றது. 2005இல் சுசாக்குவில் போனது, அறிவியல் தொடங்குமுன் குளிர்விக்கும் ஹீலியம் ஆவியாகிப் போனது. 2016இல் ஹிட்டோமியில் போனது. பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் வாயு நொடிக்கு 164 கிலோமீட்டர் அளவில்தான் கொந்தளிக்கிறது என்று ஓர் அற்புதமான அளவீட்டைத் தந்துவிட்டு, அடுத்த மாதமே விண்கலம் தறிகெட்டுச் சுழன்று உடைந்தது. 2023இல் கிரிஸம் போய்த்தான் அந்தத் தொடர் முயற்சி கரைசேர்ந்தது. அதிலும் கருவியின் முன்னுள்ள மூடி திறக்க மறுத்ததால் குறைந்த ஆற்றல் கதிர்கள் உள்ளே வருவதில்லை.

கூர்மை, ஒளி, நுண்கலோரிமானி மூன்றும் ஒரே கலத்தில் வேண்டும் என்று கேட்டால், அதற்கும் திட்டம் இருந்தது. லிங்க்ஸ் என்று பெயர். மூன்று மீட்டர் விட்டமுள்ள கண்ணாடித் தொகுதி, இதே சிலிக்கான் தகடுகள் பல்லாயிரம், நடுவில் அரை ஆர்க்செகண்ட், ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இரண்டு சதுர மீட்டர் ஒளிவாசல். ஆக்ஸிஸுக்கு அது சுமார் 4000 சதுர சென்டிமீட்டர், சந்திராவுக்குப் புதிதாக இருந்தபோதே சில நூறு. லிங்க்ஸின் செலவு ஐநூறு கோடி டாலர் என்ற வரிசையில் இருந்தது. அமெரிக்க வானியலாளர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் மதிப்பாய்வின் அறிக்கை 2021 நவம்பரில் வந்தபோது, முதலிடத்தை உயிர்வாழத் தகுந்த கோள்களைத் தேடும் பெரிய தொலைநோக்கிக்குக் கொடுத்தார்கள். எக்ஸ் கதிர்ப் பெருந்திட்டம் பின்னால் தள்ளப்பட்டது. இடைக்கால ஏற்பாடாக, நடுத்தரச் செலவில் எக்ஸ் கதிருக்கோ தொலை அகச்சிவப்புக்கோ ஒரு திட்டம் என்றார்கள். ஆக்ஸிஸ் அந்த வாசலில் நிற்கும் விண்ணப்பம். நான் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தால் லிங்க்ஸைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் லிங்க்ஸ் இன்று யாருடைய பட்டியலிலும் தேதியோடு இல்லை. ஒன்றரை ஆர்க்செகண்ட் என்ற எண்ணை நூறு கோடி டாலர் என்ற உச்சவரம்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தத் தொகையில் ராக்கெட் செலவு சேராது.

2024 அக்டோபரில் நாசா இரண்டு விண்ணப்பங்களை அடுத்த கட்டத்துக்குத் தேர்ந்து, விரிவான ஆய்வுக்குத் தலா 50 லட்சம் டாலர் கொடுத்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் ரெனால்ட்ஸ் தலைமையிலான ஆக்ஸிஸ் ஒன்று, தொலை அகச்சிவப்பில் பார்க்கும் பிரைமா மற்றது. 2026இல் இரண்டில் ஒன்று, 2032இல் ஏவுதல் என்பது அப்போது அறிவித்த கணக்கு. பிரைமாவும் லேசுப்பட்ட திட்டம் இல்லை, அந்த அலைவரிசையிலும் இன்று பெரிய தொலைநோக்கி கிடையாது.

பிரைமா வென்றால் எக்ஸ் கதிர்க்காரர்கள் ஐரோப்பாவின் நியூஅதீனாவுக்குக் காத்திருக்க வேண்டும். 2037 அளவில் ஏவுவதாகத் திட்டம், ஒளியில் பிரம்மாண்டம், கூர்மை ஒன்பது ஆர்க்செகண்ட். அதுவரை சந்திரா தாக்குப்பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. கேமராவின் வடிகட்டிமேல் படிந்துகொண்டே வரும் மாசால் குறைந்த ஆற்றல் கதிர்களுக்கு அதன் பார்வை மிகவும் குன்றிவிட்டது. தொலைதூரக் கேலக்ஸிகளின் ஒளி, பிரபஞ்சம் விரிவதால் ஆற்றல் குறையும் சிவப்புப் பெயர்ச்சியால், வந்து சேருவதே அந்தப் பக்கத்தில்தான். வெப்பக் காப்புறை தேய்ந்து கலம் சூடேறுவதால், சில திசைகளில் தொடர்ந்து பார்க்கும் நேரத்தையும் குறைக்க வேண்டியிருக்கிறது. 2024இல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு சந்திராவின் ஆண்டுச் செலவை 6.8 கோடி டாலரிலிருந்து 4.1 கோடியாக வெட்டச் சொன்னபோது வானியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அரை ஆர்க்செகண்ட் பார்க்கும் வேறு கண் எங்கும் இல்லை, ஒன்றரை பார்க்கும் கண்ணும் இன்னும் சிலிக்கான் தகடுகளாக ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.